பிடிப்பைப் பங்கிடும் பொறியியல்

1997 அக்டோபரில் சுவீடனின் 'டெக்னிக்கென்ஸ் வேர்ல்டு' இதழ், மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் காரைச் சோதித்துப் பார்த்தது. சாலையின் குறுக்கே மூஸ் மான் வந்து நின்றால் ஓட்டுநர் என்ன செய்வாரோ அதுதான் சோதனை: ஸ்டீயரிங்கை வெடுக்கென ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்பி, பழைய தடத்துக்கு வர வேண்டும். ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியது, சஸ்பென்ஷனையும் டயரையும் மாற்றியது, இ.எஸ்.பி. எனும் மின்னணு நிலைத்தன்மை அமைப்பை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தியது.

பிடிப்புப் போதாமல் கவிழ்ந்த கார் என்று இதைக் கொள்வது தவறு. பிடிப்புக் குறைந்த கார் வழுக்கும். ஈர்ப்பு மையம் உயரமாக அமைந்த காரின் டயர்கள் தரையை விடாமல் பற்றும்போதுதான் அது உருளும்.

வளைவுத் தொழில்நுட்பங்கள் பிடிப்பைக் கூட்டுவதாக விளம்பரங்கள் சொல்வதைக் கறாராகப் பார்க்க வேண்டிய இடம் இது. 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.8 உள்ள காய்ந்த தார்ச்சாலையில் எல்லை வேகம் மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். மழையில் கெழு 0.4 ஆக இறங்கினால் 50 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கில் எஞ்சினின் திறனுக்கோ கணினிக்கோ இடமில்லை. பந்தயக் கார்களின் இறக்கைகளை விட்டுவிட்டால், மொத்தப் பிடிப்பு டயரும் தரையும் தருவது. வளைவதற்குச் செலவான பங்கு பிரேக்குக்குக் கிடைக்காது. மின்னணுவியல் செய்வது பங்கீடு.

டிஃபரென்ஷியலைப் பார்த்தால் இது விளங்கும். சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே அனுப்பும். ஒன்று சேற்றில் இருந்தால், அது தாங்கும் சொற்ப விசைதான் மற்றதற்கும். சேற்றுச் சக்கரம் வீணாகச் சுற்ற, கெட்டித் தரையில் பதிந்தது அசையாது. டிராக்‌ஷன் கன்ட்ரோல், சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கிறது. அந்தப் பிரேக்கை எதிர்த்துத் தள்ளப் போகும் அளவு விசை மறுபக்கத்துக்கும் போகிறது. அங்கே பயன்படாமல் கிடந்த பிடிப்பு வேலைக்கு வருகிறது.

இ.எஸ்.பி. இதே பிரேக்கை இன்னும் நுட்பமாகக் கையாள்கிறது. பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இதை மெர்சிடிஸ் 1995-இல் எஸ் 600 கூப்பேயில் அறிமுகப்படுத்தியது. ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங் சென்சார் சொல்லும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சுழற்சி சென்சார் சொல்லும். நொடிக்கு 25 முறை இரண்டும் ஒப்பிடப்படும். பின்பகுதி வெளியே அடித்துக்கொண்டு போனால் வெளிப்பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக். முன்பகுதி வளையாமல் நேரே ஓடினால் உட்பக்கப் பின்சக்கரத்துக்கு. ஏ-கிளாஸைக் காப்பாற்றியதில் இந்த முதல் உத்திக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிப்பக்க முன்டயரின் பிடிப்பில் ஒரு பகுதியைப் பிரேக் எடுத்துக்கொள்ள, காரை உருட்டும் பக்கவிசை குறைந்தது. வளைவில் காரைக் காக்கும் கருவி பக்கவாட்டுப் பிடிப்பைக் குறைத்தே காத்தது என்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று.

1996-இன் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 4 வேறு வழியில் போனது. வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கத்து டயரே கூடுதல் விசையைத் தாங்கும். எனவே வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்கு அதிக உந்துவிசை அனுப்பிக் காரைத் திருப்பினார்கள். வேகத்தைப் பலி கொடுக்காத இவ்வழியே பொறியியலில் அழகானது. ஆனாலும் பரவியது பிரேக் வழிதான். 1978 முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வழியாகக் கார்களுக்குள் வந்த பம்பும் வால்வுகளும் அதற்குத் தயாராக இருந்தன. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களிலும் இ.எஸ்.பி. கட்டாயம்.

நாற்சக்கர உந்துதலுக்கு, 1980-இன் ஆடி குவாட்ரோ முதல், கிடைத்துவரும் புகழ் வளைவைப் பொறுத்தவரை மிகை. வழுக்கும் தரையில் புறப்படவும் முடுக்கவும் அது உதவும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் உண்டு. பனிச்சாலையில் சுலபமாக வேகமெடுத்த ஓட்டுநர், அதே நம்பிக்கையில் வளைவுக்குள் நுழைந்தால் கூடுதல் பிடிப்பு எங்கிருந்தும் வராது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. அந்த டயரோடு ஓடும் நாற்சக்கர உந்துதல் காரைவிட, குளிர்கால டயர் மாட்டிய சாதாரண முன்சக்கர உந்துதல் கார் பனியில் சீக்கிரம் நிற்கும். வளைவிலும் தடத்தை விடாமல் போகும்.