புனித நூலும் புதைமண்ணும்: சபரகமுவக் குகைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதம் ரம்புக்கனையை நீங்கியதும் மலையேறத் தொடங்குகின்றது. 1867ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை, தாழ்நிலம் முடிந்து மலைநாடு தொடங்கும் இடத்தை எமக்குக் கண்கூடாகக் காட்டுகின்றது. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சபரகமுவ மாகாணம், ஈழத்து ஆதிமக்கள் பற்றிய ஆய்விலே தனியிடம் பெறுவதாகும். 'சபரர்' என்னும் வடசொல் காட்டில் வாழும் வேட்டுவரைக் குறிக்கும். மாகாணத்தின் பெயரை அச்சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். இந்நிலத்தில் முதலில் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினாவுக்கு நூல் ஒரு விடையையும் மண் வேறொரு விடையையும் தருகின்றன. இவ்விரு விடைகளையும் எவ்வாறு ஒப்புநோக்குதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் தரும் விடையை முதலில் நோக்குவோம். கி.பி. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலே பாளிமொழியில் இயற்றப்பட்டது மகாவம்சம். சிங்கத்தின் வழித்தோன்றலான விசயன் எழுநூறு தோழருடன் தம்பபண்ணியில் வந்திறங்கினான் என்றும், அது புத்தர் பரிநிருவாணம் எய்திய நாள் என்றும் அந்நூல் கூறும். மரபுவழிக் கணக்கில் அது கி.மு. 543 ஆகும். அப்போது இத்தீவில் இருந்தோர் இயக்கர். மனிதராக அவர்கள் எண்ணப்படவில்லை. இயக்கியான குவேனியின் துணையோடு விசயன் அவர்களை அழித்தான். பின்னர் அவளையும் நீக்கி, மதுரைப் பாண்டியன் மகளை மணந்தான். குவேனியின் மக்கள் இருவரும் சுமணகூட மலைப்பக்கம் தப்பியோடினர் என்றும், அவர் வழியில் புளிந்தர் தோன்றினர் என்றும் கதை முடிகின்றது. சுமணகூடம் என்பது சிவனொளிபாத மலையேயாகும். எனவே வெற்றிபெற்றோரின் கதையில் இடமிழந்தவர்கள் வந்து ஒதுங்கிய இடமாகவே சபரகமுவ மலைப்புறம் நூலினுட் புகுகின்றது.

இனி மண் கூறுவதைக் கேட்போம். இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப குகையை முதலில் பி. ஈ. பி. தெரணியகலவும், பின்னர் அவர் மைந்தர் சிரான் தெரணியகலவும் அகழ்ந்தனர். கேகாலை மாவட்டத்துக் கித்துள்கலையில் உள்ள பெலிலென குகையும் அவ்வாறே ஆராயப்பட்டது. குவார்ட்சுக் கல்லிலே கோண வடிவில் நுணுக்கமாகச் செதுக்கிய நுண்கற்கருவிகள், எலும்புக் கூர்கள், மனித எலும்புகள், கெக்குன விதைகள், காட்டு நத்தை ஓடுகள், குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்புகள் என்பன இக்குகைகள் அளித்த சான்றுகளாகும். பட்டதொம்ப குகையிற் கிடைத்த கடற்சிப்பி மணிகள், மலைக்காட்டு மாந்தர் கடற்கரையோடும் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதை உணர்த்துகின்றன. அக்குகையின் வாழ்வு ஏறக்குறைய 36,000 ஆண்டுப் பழைமையது. அயல் மாவட்டமான களுத்துறையின் பாகியன் குகையோ 48,000 ஆண்டளவு பழைமை காட்டுகின்றது. அங்குக் கிடைத்த எலும்புக் கூர்கள் அம்புமுனைகளாகப் பயன்பட்டவை என 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று நிறுவியது. விசயன் வந்திறங்கியதாகக் கூறப்படும் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இந்நிலத்தில் வாழ்ந்தோர் இயக்கரல்லர். எம்மைப் போன்ற மனிதரேயாவர்.

இவ்விடத்தில் ஆய்வாளரை ஏமாற்றக்கூடிய பொறி ஒன்று உண்டு. குருவிட்டைப் படிவுகளிற் கிடைத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்ததென 1939ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அறிவித்தார். இதனைக் கேட்ட ஒருவர், சிங்கத்தின் மரபினர் பற்றிய கதைக்குச் சான்று கிடைத்ததென மகிழக்கூடும். ஆயின் அவ்விலங்கு வரலாற்றுக் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இங்கு அழிந்தொழிந்தது. நூலில் வரும் பெயரும் மண்ணில் வரும் பொருளும் ஒத்திருத்தல் மட்டும் போதாது. காலமும் இடமும் சூழலும் ஒத்திருத்தல் வேண்டும்.

இதே பொறியை உலகின் மறுகோடியிலும் காண்கின்றோம். 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே யோசப் சிமித் என்பார் மோர்மன் நூலை வெளியிட்டார். பொற்றகடுகளில் எழுதப்பட்டிருந்ததைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாக அவர் கூறினார். கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தினர் கடல்கடந்து அமெரிக்கா சேர்ந்து, நேபியர், லாமனியர் என இரு பெரும் இனங்களாகப் பெருகினர் என்பது அந்நூலின் வரலாறு. அதிலே குதிரையும் தேரும் உருக்கும் பேசப்படுகின்றன. அமெரிக்காவிற் குதிரை எலும்புகள் கிடைப்பது உண்மையே. எனினும் அவை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன குதிரைகளின் எலும்புகளாகும். பின்னர் அங்குக் குதிரையைக் கொண்டு சென்றவர் இசுப்பானியரே. அமெரிக்கக் குதிரையின் கதையும் குருவிட்டைச் சிங்கத்தின் கதையும் இவ்வகையில் ஒன்றே.

அந்நூலை மெய்ப்பிக்கும் விருப்போடு தோமஸ் பெர்குசன் என்பார் 1952இல் தொல்பொருளாய்வு நிறுவகமொன்றை அமைத்தார். அந்நிறுவகம் மெக்சிக்கோவின் சியாப்பாசுப் பகுதியிலே சிறந்த அகழாய்வுகளை நிகழ்த்தியது. தொன்மையான ஊர்கள் வெளிப்பட்டன. நேபியரின் சுவடு வெளிப்படவில்லை. பெர்குசனே இறுதிக்காலத்தில் தம் கருத்தைக் கைவிட்டார். லாமனியரே அமெரிக்க இந்தியரின் முதன்மையான முன்னோர் என 1981ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை கூறியது. பின்னர் அது 'முன்னோருள் ஒரு சாரார்' என்னும் பொருள்படத் திருத்தப்பட்டது. மரபணு ஆய்வுகள் அம்மக்களின் வேரை வடகிழக்கு ஆசியாவிலே காண்கின்றன.

இஃது ஏட்டளவிலான தருக்கம் மாத்திரமன்று. அமெரிக்காவின் பெரும் மண்மேடுகளை இந்தியர் கட்டியிருக்க இயலாது, மறைந்துபோன வேறோர் இனமே கட்டியது என்னும் எண்ணம் அந்நாளில் வெள்ளையரிடையே பரவியிருந்தது. இந்தியரை அவர்தம் நிலத்திலிருந்து அகற்றும் சட்டம் நிறைவேறியதும் அதே 1830ஆம் ஆண்டிலேதான். மேடுகளைக் கட்டியோர் அவ்விந்தியரின் முன்னோரே எனச் சைரஸ் தோமஸ் தம் அறிக்கையிலே நிறுவியபோது ஆண்டு 1894. உண்மை வந்து சேர்ந்தது; நிலம் மீளவில்லை.

மகாவம்சத்தை மோர்மன் நூலோடு முற்றாக ஒப்பிடுதல் பொருந்தாது. இரத்தினபுரியிற் பணியாற்றிய காலத்தில் மகாவம்ச ஆய்விலே தலைப்பட்ட ஜோர்ஜ் டர்னர், 1837இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதே காலத்தில் இந்தியாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தறிந்தார். அவற்றிற் கண்ட 'பியதசி' அசோகனே என்பதைத் தெளிவிக்க டர்னர் ஆராய்ந்த பாளி நூல்களே உதவின. கல்லும் நூலும் ஒன்றையொன்று அறியாது ஒரே செய்தியைக் கூறுமிடத்து அச்செய்தி வலுப்பெறுகின்றது. அவ்வகை ஒப்புமை மோர்மன் நூலுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. மகாவம்சத்துக்கும் அது விசயன் கதையில் வாய்க்கவில்லை. அநுராதபுர அகழாய்வில் இரும்பும் நெல்லும் குதிரையும் கி.மு. 900 அளவிலேயே தோன்றிவிடுகின்றன. பொம்பரிப்புத் தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுகின்றன. ஒரே நாளில் ஒரே கப்பலில் ஒரு நாகரிகம் வந்திறங்கியமைக்கு மண்ணிற் சான்றில்லை.

இவ்வளவுகோலை எமக்கும் இட்டுப் பார்த்தல் நேர்மையாகும். கடல்கொண்ட குமரிக்கண்டத்தை வரலாறாகவே கொள்வோர் எம்மிடையேயும் உளர். இலெமூரியா என்பது 1864இல் ஒரு விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். கண்டப்பெயர்ச்சி பற்றிய அறிவு வளர்ந்தபின் அது கைவிடப்பட்டது. மாறாக, சான்று கண்டு கருத்தை மாற்றிய முன்மாதிரியும் எம்மிடம் உண்டு. ஈழத்திலே தமிழரின் நிலையான குடியேற்றங்கள் காலத்தாற் பிந்தியவை என 1965இல் தம் ஆய்வேட்டிற் கருதிய பேராசிரியர் கா. இந்திரபாலா, 2005இல் வெளியிட்ட நூலிலே அக்கருத்தைத் திருத்தி, சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் இத்தீவின் தொன்மக்களிலிருந்தே உருவாகினர் என்னும் முடிவுக்கு வந்தார்.

'முதலில் வந்தோர் யார்' என்னும் வினா தோட்டப்புறங்களில் வெறும் கல்வி வினாவாக என்றும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்குப் பிறந்தமையை, அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமையை மெய்ப்பிக்குமாறு கேட்டது. காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட மக்களிடம் பிறப்புப் பத்திரங்கள் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் இலக்கங்களாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. வந்த வரிசையே உரிமையின் அளவு என்று கொள்வோமாயின், பட்டதொம்ப குகையில் நத்தை சுட்டுத் தின்றவரையன்றி எவருக்கும் இத்தீவில் உரிமை இராது. அவர்தம் குருதியோ இன்று எல்லா மக்களிடமும் கலந்து நிற்கின்றது.

புனித நூல் ஒரு சமூகம் தன்னை எவ்வாறு எண்ணிக்கொண்டது என்பதற்குச் சிறந்த சான்றாகும். அவ்வெண்ணம் தோன்றுமுன் அங்கு வாழ்ந்தோரை அறிவதற்கு மண்ணையே நாடல் வேண்டும். குவேனியின் மக்கள் ஓடி ஒளிந்ததாக நூல் கூறும் இம்மலைப்புறத்தில், அவ்வாறு ஒதுக்கப்பட்டோரின் அடுப்புச் சாம்பலைத் தொல்பொருளாய்வு கண்டெடுத்துள்ளது. நூல் அவர்களை இயக்கர் என்றது. சாம்பல் அவர்களை மனிதர் என்கின்றது. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் கேட்டு, பின்னதன் வழியே தீர்ப்புக் கூறக் கடமைப்பட்டுள்ளனர் என்பதே எமது துணிபாகும்.