டோக்கன் பந்தும் கேட் போனும்

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பழுதுபார்த்து, 2010-ல் சென்னையில் மறுபடி ஓட்டினார்கள். நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்ற வண்டி! இப்படி ஒரு பாரம்பரிய ஓட்டம் என்றால் நாம் பார்க்கப் போவது புகையையும் விசிலையும்தான். கேபினுக்குள் நிற்கிறவர்களின் வேலை போட்டோவில் விழாது.

அந்த வேலை கடலூர், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் தினசரி நடந்தது. டிரைவரின் ஒரு கண் சிக்னலில், இன்னொரு கண் தண்ணீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில். கொதிகலனில் தண்ணீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் கூரை வெளிப்பட்டால், அதில் வைத்திருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின்மேல் சீறும். அதையும் கவனிக்காமல் விட்டால் கொதிகலனே வெடிக்கலாம். கரி அள்ளுகிற ஃபயர்மேனும் சும்மா இருக்க முடியாது. சிக்னல் தெரிந்ததும் அதை டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லணும், அவரும் திருப்பிச் சொல்லணும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டோக்கன் விஷயம். அந்தக் காலத்து ஒற்றைப் பாதைகளில், அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவருக்கு ஓர் இரும்புப் பந்து வேண்டும். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துக்கொண்டால்தான் கருவி அதை வெளியே விடும். ஒன்று வெளியே இருந்தால் இன்னொன்று வராது. பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டுவார்கள். பந்து கையில் இல்லையென்றால் சிக்னல் தாண்டக் கூடாது, எத்தனை லேட்டானாலும் சரி. பொறுப்பு என்பது கையில் கனக்கிற ஒரு சாமான்.

இதே பாதையில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் கேட்டில், 2025 ஜூலை 8 காலையில் விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு பள்ளி வேனில் மோதியது. மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அப்படிப்பட்ட கேட்டை மூடியாச்சு என்பதை கேட்கீப்பர் போனில் ஓர் எண்ணாக ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்வார். அவர் அதை நம்பி சிக்னல் கொடுப்பார். எஞ்சினில் இருக்கிறவருக்குத் தெரிவது பச்சை விளக்கு மட்டும். கேட் நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் பூட்டாமல் பச்சை விழாது.

விபத்துக்குப் பிறகு எல்லா கேட்டுகளிலும் சிசிடிவி வைக்கச் சொல்லி ரயில்வே உத்தரவு போட்டது. கேமரா பதிவு செய்யும், சரி. நான் கேட்பது, பூட்டாத கேட்டைப் பார்த்து அது சிக்னலைப் பிடித்து நிறுத்துமா?