கண்ணாடியும் ஆல்பமும்



"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டதும், என் வீட்டு மாடியில் ஓடிய பழைய பென்டியம் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வந்தது.

2005-ஆம் ஆண்டு. வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. நம் வகுப்பு நண்பர்கள் நால்வர் ஒரே தெருவில் குடியிருந்தோம். நால்வருக்கும் லினக்ஸ் பித்து. ஒரே மூலநிரலை நால்வரும் தனித்தனியாக இறக்குவோம். "ஏண்டா, ஆளுக்கு ஒரு குடம் தண்ணிக்கு நாலு கிணறா வெட்டுவீங்க?" என்றார் அப்பா. மறுவாரமே மாடிக்கு மாடி கேபிள் இழுத்து, 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கில் எங்கள் 'மிர்ரர் சர்வர்' பிறந்தது.

யோசனை புதிதல்ல. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதல் மூலநிரலைப் பின்லாந்தின் ஃபுனெட் சர்வரில் வைத்தார். தூரத்து இணைப்புகள் ஆமை வேகத்தில் இருந்ததால், நாட்டுக்கு நாடு நகல் சர்வர்கள் முளைத்தன. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 'ஆர்சிங்க்' என்ற நிரலை வெளியிட்டார்கள். கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அது அனுப்பும். எங்கள் சர்வரும் தினமும் இரவு 2 மணிக்கு அதைத்தான் ஓட்டியது.

வந்தது வினை. மூல சர்வரில் இல்லாததை நம்மிடமும் அழித்துவிடு என்று ஆர்சிங்க்கிற்கு ஒரு கட்டளை உண்டு. இடம் மிச்சமாகுமே என்று அதைச் சேர்த்திருந்தேன். ஒரு நாள் மூல சர்வரில் பழைய பதிப்புகளை நீக்கிவிட்டார்கள். விடிவதற்குள் எங்களிடமும் காலி! நண்பன் ஒருவனின் அச்சகத்து பிரிண்டர் அந்தப் பழைய பதிப்பில்தான் ஓடும். அவன் டிஸ்க்கும் அதே வாரம் பழுது. முகூர்த்த மாதம், பத்திரிகை வேலைகள் குவிந்து கிடந்தன. "உன்னை நம்பித்தானேடா நான் காப்பி எடுக்கல" என்றான். அந்தச் சொல் இன்றும் சுடுகிறது. மூன்றாம் நாள், அழிக்காமல் வைத்திருந்த வேறொரு மிர்ரரில் அது கிடைத்தது.

பிறகுதான் சிம்டெல்-20 கதையின் அருமை புரிந்தது. சி.பி.எம். காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான நிரல்களை அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் ராணுவத் தளத்தில் சேர்த்து வைத்திருந்த எந்திரம் அது. 1993-ல் அதை மூடினார்கள். மற்ற இடங்களில் இருந்த நகல்களால்தான் அந்தத் தொகுப்பு பிழைத்தது.

கண்ணாடி இருக்கும் முகத்தைத்தான் காட்டும். முகம் விலகினால் பிம்பமும் போய்விடும். போனவர்களைப் பார்க்க ஆல்பம் வேண்டும். அன்றிலிருந்து அழிக்கும் கட்டளையை எடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன்.

மாணவச் செல்வங்களே, சர்வர் அமையுங்கள். கூடவே ஒரு காப்பியும் எடுத்து வையுங்கள். அந்த அச்சக நண்பனும் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். கேட்டுப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்வான்!