அசையாத சித்திரத்தின் அசைவு

அரூப ஓவியம் ஒன்றைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, ‘இது எதைக் குறிக்கிறது?’ என்பதுதான். மரமா, மலையா, மனித முகமா என்று கண் தேடும். ஒன்றும் அகப்படாவிட்டால் மனம் சலிக்கும். பிரிஜெட் ரைலி என்னும் ஆங்கில ஓவியரின் படங்களுக்கு முன்னால் இக்கேள்வி செல்லாது. ‘இதைப் பார்க்கும்போது எனக்கு என்ன நேர்கிறது?’ என்று கேட்பவருக்கே அவை விடை தரும்.

1961-ஆம் ஆண்டில் அவர் வரைந்த ‘சதுரங்களில் அசைவு’ என்னும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களே அதில் உள்ளன. கட்டங்களின் உயரம் மாறுவதில்லை. அகலம் மட்டும் இடப்புறமிருந்து சிறிது சிறிதாகக் குறைந்து, ஓரிடத்தில் வெறும் கீற்றுகளாகி, மீண்டும் அகலத் தொடங்குகிறது. அவ்வளவே. ஆயினும் விரித்து வைத்த புத்தகத்தின் நடுமடிப்புப் போலப் பரப்பு முழுவதும் உள்வாங்கிச் சரிவதைக் காண்கிறோம். தட்டையான பலகையின் முன் நிற்கும் உடல் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பதுபோல் தயங்குகிறது.

இத்தகைய ஓவியம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. இதன் வேரைக் காண நாம் பாரிஸ் நகரத்தின் ஒரு சாயப்பட்டறைக்குச் செல்ல வேண்டும். சித்திரத் திரைச்சீலைகள் நெய்வதில் பெயர் பெற்ற கோபெலின் ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் ஷெவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர் தலைவரானார். அவரிடம் ஒரு புகார் வந்தது: நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்காக நெய்யும் கறுப்பு நூல் வெளிறித் தோன்றுகிறது, சாயம் சரியில்லை என்பது. ஷெவ்ரோல் ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நிறமே கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தது. குற்றவாளியைச் சாயத்தொட்டியில் தேடியவர்கள் நடுவே, அதைப் பார்ப்பவரின் கண்ணில் கண்டுபிடித்தார் அவர். அந்த ஆராய்ச்சி 1839-இல் ஒரு பெரிய நூலாக வெளிவந்தது. (கொழுப்புகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நல்ல மெழுகுவர்த்தி செய்ய வழிகாட்டியது என்பதையும், அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.)

இவ்வுண்மையை வகுப்பில் நான் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து இரு சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளின் மீதும் மற்றொன்றைப் பச்சைத் தாளின் மீதும் வையுங்கள். சிவப்பின் மேல் இருப்பது சற்றே பச்சை கலந்ததாகவும், பச்சையின் மேல் இருப்பது சற்றே செம்மை கலந்ததாகவும் தோன்றும். நான் இரு வேறு தாள்களை வெட்டி ஏமாற்றுகிறேன் என்று மாணவர்கள் வாதிடுவதுண்டு. துண்டுகளை எடுத்து அருகருகே வைத்த பின்பே அடங்குவர். தாளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தால் நிறம் மறுபடியும் பிரிந்துவிடும். அறிந்தபின்னும் கண் தன் வழக்கத்தை விடுவதில்லை.

ஷெவ்ரோலின் நூலைப் படித்த ஓவியருள் தலையாயவர் ஜார்ஜ் சூரா. நிறங்களைத் தட்டில் குழைக்காமல் புள்ளி புள்ளியாக அடுத்தடுத்து வைத்தார். கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டார். 31 வயதில் 1891-இல் மறைந்தார்.

ரைலி 1931-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கார்ன்வால் கடற்கரையில் வளர்ந்தார். அவருடைய தந்தை ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதைதான். கார்ன்வாலின் கடலும் நொடிக்கு நொடி மாறும் ஒளியும் அச்சிறுமியின் நினைவில் தங்கின. அலைநீரில் நீந்தும்போது ஒளித் துணுக்குகளின் ஊடே தம் உடலே செல்வதை உணர்ந்ததைப் பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார். கரையில் நின்று காணும் காட்சிக்கும் இதற்கும் எவ்வளவு வேற்றுமை!

ஓவியக் கல்லூரிகளில் பயின்ற பின்னரும் தமக்குரிய வழி புலப்படாமல் தவித்த ரைலி, 1959-இல் சூராவின் ‘கூர்பெவ்வா பாலம்’ என்னும் படத்தை ஒரு புத்தக அச்சிலிருந்து பெரிதாக்கிப் படியெடுத்தார். படியெடுப்பது இழிவு என்பது இளைஞரின் எண்ணம். நான் அதை ஒப்பவில்லை. ஒரு நிறத்தின் அருகே இன்னொன்றை வைக்கச் சூரா என்ன காரணம் கண்டார் என்பதை அவருடைய கை சென்ற வழியே சென்று ரைலி கற்றார். மறு ஆண்டு இத்தாலியில் சியனாவை அடுத்த சமவெளியில் வெயிலின் கானல் நடுங்குவதைக் கண்டு அதைப் புள்ளிகளால் தீட்டினார். அழகிய படம், ஆனால் அவருக்கு நிறைவில்லை. நிலத்தின் படம் வந்ததேயன்றி நடுக்கம் வரவில்லை. நிலத்தை விட்டுவிட்டு நடுக்கத்தை மட்டும் கொண்டுவர முடியுமா என்னும் வினாவே கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வாயில் திறந்தது.

கண் ஒரு புள்ளியில் நிலைத்திருப்பதாக நாம் எண்ணும்போதும் அது நுண்ணிதாக அசைந்துகொண்டே இருக்கிறது. முன்கணம் பதிந்த கோட்டின் சாயல் மறையுமுன் அடுத்த கோடு அதன்மேல் விழுகிறது. நெருங்கிய கோடுகள் ஆயின் இரண்டும் மோதித் துடிக்கும். 1963-இல் தீட்டிய ‘வீழ்ச்சி’ என்னும் படத்தில் ஒரே வளைகோடு மீண்டும் மீண்டும் வருகிறது. கீழே செல்லச் செல்ல வளைவுகள் நெருங்குகின்றன. நாம் தள்ளாடாமல் நிற்பதற்குக் கண்ணும் ஒரு துணையாதலால், அந்தத் துடிப்பைக் காலும் உணர்கிறது.

1965-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை ‘எதிரொலிக்கும் கண்’ என்னும் பெருங்காட்சி நடத்திற்று. ரைலியின் படம் அதன் விவர நூலின் அட்டையை அணிசெய்தது. புகழ் வந்தது, கூடவே தொல்லையும் வந்தது. அவருடைய கோலங்களை அச்சிட்ட உடைகள் கடைகளில் தொங்கின. அவர் எதிர்த்தும் பெரும்பயன் இல்லை. திறனாய்வாளர் சிலரோ, ‘கண்கட்டு வித்தை’ என்று ஒதுக்கினர். இவ்விரண்டும் அநீதி என்பது என் துணிபு. வித்தைக்காரன் தன் முறையை ஒளிக்கிறான். ரைலியின் பலகையில் ஒளித்தது ஒன்றுமில்லை, அளவுகோல் கொண்டு எவரும் அளந்து பார்க்கலாம். இனித் துணியை எடுத்துக்கொண்டால், தட்டையான பரப்பில் அணு அணுவாகக் கணித்த இடைவெளி, மடிந்து சுருங்கும் ஆடையில் எவ்வாறு நிற்கும்? சரக்கு ஆனது அந்த ஓவியத்தின் தோல் மட்டுமே.

நிறத்துக்கு அவர் விரைந்து வரவில்லை. கறுப்பு வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து 1967-ஆம் ஆண்டளவில் முழு நிறத்துக்கும் வந்தார். ஷெவ்ரோலின் புகார்க்கதையை நினைந்தால் இத்தயக்கம் விளங்கும்: நிறம் தனித்து நில்லாதது, அண்டை மாறினால் தானும் மாறுவது. எனவே உருவத்தை மிக எளிதாக்கி, நீண்ட பட்டைகளைக் கைக்கொண்டார். பட்டைக்கு உடல் சிறிது, விளிம்பு பெரிது. நிறங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லை நீளுகிறது. அந்த எல்லையில் தூரிகை தீட்டாத நிறமொன்று ஆவிபோல் எழும். 1968-இல் வெனிஸ் பன்னாட்டுக் காட்சியில் ஓவியத்துக்கான பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே.

மாதிரிகளைத் தாளில் ஆய்ந்து முடிவு செய்பவர் ரைலி. பெரிய பரப்பில் தீட்டுபவர் உதவியாளர். இதைக் குறையாகச் சொல்வோர் உளர். கீர்த்தனை இயற்றியவரே மிருதங்கமும் வாசிக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே!

1979–80 குளிர்காலத்தில் எகிப்துக்குச் சென்றார். பல நூற்றாண்டுகள் மாறாத சில நிறங்களைக் கொண்டே கல்லறைச் சுவர்களில் அவர்கள் உயிர்ப்பைக் காட்டியிருந்தது அவரை ஆட்கொண்டது. ஊர் திரும்பி அந்நிறங்களை நினைவிலிருந்தே குழைத்துப் பட்டைப் படங்கள் செய்தார். பின்னர் நெடும்பட்டைகளைச் சாய்கோடுகளால் வெட்டத் தொடங்கினார்.

அவ்வாறு பிறந்ததே 1993-இல் தீட்டிய ‘நடராஜா’. லண்டன் டேட் கலைக்கூடத்துக்கு உரிய அப்படம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் உயரமும் 228 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. தூக்கிய திருவடியில்லை, திருவாசியில்லை, விரிசடையில்லை. மேலிருந்து கீழிறங்கும் பட்டைகளைச் சாய்வுகள் வெட்டிய சாய்சதுரத் துண்டுகளே எங்கும். ஓரிடத்தில் கண்ட நீலம் தொலைவில் வேறொரு துணையோடு நிற்கிறது. கண் அதை நோக்கித் தாவும்போது வழியில் ஒரு மஞ்சள் இழுக்கிறது. அது வேறு திசைக்கு அனுப்புகிறது. தங்குவதற்கு இடமேயில்லை. நம் செப்புத் திருமேனியிலும் உலோகம் அசைவதில்லை. நான்கு கரங்களுக்கும் ஊன்றிய காலுக்கும் இடையே நம் பார்வைதான் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத்தான், வடிவத்தை விட்டுவிட்டு, ரைலி பெயரோடு எடுத்துக்கொண்டார் என்று கொள்கிறேன்.

நான் அதை அச்சுப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். உள்ளங்கை அளவு அச்சில் நிறங்களின் அடுக்கு தெரியும், ஆட்டம் தெரியாது. உங்களில் எவரேனும் லண்டன் செல்ல நேர்ந்து, அப்படம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தால், இரண்டடி தொலைவில் சிறிது நேரம் நில்லுங்கள். பிறகு பின்னோக்கி நடந்து பதினைந்தடி விலகுங்கள். அருகே தனித்தனியே நின்ற நிறங்கள், நீங்கள் நடக்கும்போதே இடம் மாறத் தொடங்கும்.