ஓர் இதழும் ஒரு பள்ளியும்

கண்டியில் 1838-இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை, 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். கிறிஸ்தவச் சபைகளின் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப இலங்கை முஸ்லிம்கள் அஞ்சியிருந்த காலம் அது. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் நம் பிள்ளைகளுக்கு ஒருங்கே வேண்டும் என்று அவர் எழுதினார்.

எழுதியதோடு நிற்காமல் 1884-இல் கொழும்பில் பள்ளியும் நிறுவினார். போதிய ஆதரவின்றி அது நிலைக்கவில்லை. ஆயினும் முயற்சி ஓயவில்லை. எகிப்திலிருந்து 1883-இல் நாடுகடத்தப்பட்டு வந்த அறபி பாஷா ஊக்கமளித்தார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காயர் துணைநின்றார். 1892-இல் மருதானையில் ஒரு மதரஸா எழுந்தது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுவே. இதழ் விதைத்ததைச் சமுதாயம் நீரூற்றி வளர்த்தது.

இவ்வரலாறு தென்காசி மக்களாகிய நமக்கும் பாடமாகும். குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகி, நம் ஊர் வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. அதில் சேரும் குப்பையையும் கழிவுநீரையும் பற்றிய செய்தியைப் படித்து மடித்து வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

ஆற்றின் நிலையை நிருபர் எழுதட்டும். மஹல்லா ஜமாஅத்தினர் அதனை ஜும்ஆவுக்குப்பின் மக்களிடம் எடுத்துரைக்கட்டும். பிற சமயத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியிடம் மனுக் கொடுப்போம். என்ன நடந்தது என்பதை அதே ஏடு மீண்டும் எழுதட்டும். தாள் தனித்து நின்றால் செய்தி மட்டுமே; மக்கள் சேர்ந்தால் அது செயலாகும்.