சிறு நரிவெங்காயம்

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் மாலை ஒரு பீங்கான் தொட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். வெள்ளி பூசிய இலைகளில் கரும்பச்சைப் புள்ளிகள். மண்ணுக்கு மேலே குந்தியிருந்த ஊதாக் கிழங்குகள். "இது லெடெபூரியா, சார். தென்னாப்பிரிக்காச் செடி. கிழங்கு ஒன்று முந்நூறு ரூபாய்!" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே நம் ஊர்ச் செடிதான் அம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அம்மாளின் முகம் வாடிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்தச் சொன்ன சரித்திரம் இது.

பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர், மொரேவிய சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவர சாஸ்திரியாக அமர்ந்தார். சாமல்கோட்டை, பெங்களூர், சென்னை என்று அலைந்து, கண்ணில் பட்ட பூண்டையெல்லாம் காகிதத்தில் வைத்து அழுத்தினார். அந்த வெயிலில் வேறு யாராவது பூண்டு பறிப்பார்களா என்று நம் பாட்டன்மார் சிரித்திருப்பார்கள்.

அந்தக் கட்டுகள் கப்பலேறி, பிரெமன் நகருக்கருகே வைத்தியம் செய்துகொண்டிருந்த ரோத் என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றை வைத்து ரோத் எழுதிய புத்தகம் 1821-ல் வெளிவந்தது. அதில்தான் நம் சிறு நரிவெங்காயம் 'லெடெபூரியா ஹையாசிந்தினா' ஆயிற்று. லெடெபூர் என்பவர் ருஷ்ய சாம்ராஜ்யத்தில், தோர்பாத் சர்வகலாசாலையில் பேராசிரியர். ஸைபீரியாப் பக்கத்துச் செடிகளை ஆராய்ந்த அந்த மனிதருக்கு நம் பொட்டல்காட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. வெயிலில் பறித்த ஹைனேயோ 1819-லேயே சென்னையில் கண்ணை மூடிவிட்டார். புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. கியூ தோட்டத்துப் பேக்கர் துரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை 'ஸில்லா' என்ற பெரிய கூட்டத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டார். வெள்ளி இலை ஆப்பிரிக்காச் செடிக்கும் அவர் வைத்த பெயர் ஸில்லாதான். 1970-ல் ஜெஸ்ஸப் என்ற ஆராய்ச்சியாளர், இவை தனிக் குடும்பம் என்று வாதாடி ரோத்தின் பழைய பெயரை மீட்டார். ஆப்பிரிக்காவில்தான் இந்த வகைகள் ஏராளம். ஆனாலும் அத்தனையும் இந்தியச் செடியை வைத்துச் சூட்டிய பெயருக்குள் வந்து சேர்ந்தன, புகுந்த வீட்டுப் பெயரை ஏற்றுக்கொண்ட மருமகள்கள் போல!

அம்மாள் சிரித்தார். பிறகு, "உங்கள் ஊர்ச் செடியைக் காட்டுங்களேன்" என்றார். அங்கேதான் சங்கடம்.

1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த 365 ஏக்கரில் இன்னும் புதர்க்காடு மிஞ்சியிருக்கிறது. வெளியே எல்லாம் மனைகள். வண்டலூர்ப் பாதையில், கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்த ஒரு மனையில் சென்ற ஆண்டு கோடை மழைக்குப் பிறகு இதைக் கண்டேன். கோடையெல்லாம் மண்ணுக்குள் தூங்கி, ஈரம் பட்டதும் ஊதாப் புள்ளி இலையை விரித்திருந்தது. மங்கலான சின்னப் பூக்கள். குனிந்து பார்த்தால்தான் அழகு தெரியும். காய் வெடிக்கும் சமயம் பார்த்துப் பதினொரு விதைகள் எடுத்து வந்தேன்.

இந்த விதையைச் சேமித்து வைக்கக் கூடாது. உயிர் சீக்கிரம் போய்விடும். அன்றே மணலும் செம்மண்ணும் கலந்து மேலாகத் தூவி, ஈரம் காயாமல் நிழலில் வைத்தேன். ஏழு முளைத்தன. முதல் இலை நூல் மாதிரிதான். புல்லென்று நினைத்து என் மனைவி இரண்டைப் பிடுங்கிவிட்டாள். மிச்சம் ஐந்து. தண்ணீர் தேங்கி ஒன்று அழுகிற்று. அது என் கைங்கரியம்.

கிழங்கு தோண்டிவரலாம் என்று மறுபடி போனபோது அந்த மனையில் அஸ்திவாரம் எழும்பியிருந்தது.

நான்கில் இரண்டை அம்மாளிடம் கொடுத்தேன். மிளகளவு கிழங்கு. பீங்கான் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு தயிர் டப்பாவில் வைத்திருக்கிறார்.

"எப்போது சார் பூக்கும்?"

"இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம்."

"அதற்குள் நல்ல தொட்டி வாங்கிவிடுகிறேன்" என்றார்.