குண்டின் கனமும் கூர்மையும்: வேட்டை பற்றிய ஒரு ஃபிக்ஹு வரலாறு

பெருவிலங்கு வேட்டையாடுவோரிடையே நெடுங்காலமாக ஒரு வினா உண்டு. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் ஒரே துப்பாக்கிதான் என்றால், அதன் குழல் விட்டம் எவ்வளவாக இருத்தல் வேண்டும்? கனத்த குண்டு தன் எடையால் வீழ்த்தும் என்பார் ஒரு சாரார். மெல்லிய நீண்ட குண்டு ஆழத் துளைத்து உயிர்நிலையைத் தொடும் என்பார் மறு சாரார். இது மேலைநாட்டார் விவாதம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் குழல் விட்டத்தைக் குறிக்கும் 'காலிபர்' என்னும் சொல்லே, வார்ப்பு அச்சு எனப் பொருள்படும் 'காலிப்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர் சொல்லாய்வாளர். கனமா, துளைத்தலா என்னும் வினாவும் நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. அங்கே அது ஹலால், ஹராம் பற்றியது.

அடிபட்டுச் செத்த பிராணியைத் திருக்குர்ஆன் (5:3) விலக்குகிறது. 'மிஃராள்' என்னும் வேட்டைக்கோல் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) வினவியபோது, அது துளைத்துக் கொன்றால் உண்ணலாம், அகலப்பக்கம் பட்டு இறந்தால் உண்ணலாகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. கொன்றது கனமா, கூர்மையா என்பதே இங்கு அளவுகோல். களிமண் உருண்டையால் கொல்லப்பட்டதை இப்னு உமர் (ரலி) அடிபட்டுச் செத்ததாகவே கருதினார்கள். அவ்வுருண்டையின் பெயர் 'புந்துக்'. துப்பாக்கி தோன்றியதும் அதே சொல் ஈயக் குண்டுக்கும் சென்றது. துப்பாக்கி 'புந்துகிய்யா' ஆயிற்று. சொல்லோடு சட்டமும் செல்லுமா என்பதே அறிஞர்முன் நின்ற சிக்கல்.

முகலாயர் காலத்தில் துப்பாக்கி வேட்டை பெருகியது. 1568-இல் சித்தூர் முற்றுகையில் ஜைமலை வீழ்த்திய 'சங்கிராம்' என்னும் துப்பாக்கியாலேயே அக்பர் 1,019 விலங்குகளைக் கொன்றதாக அபுல் ஃபஸ்ல் குறிக்கிறார். தம் கையால் கொன்றவை 17,167 என ஜஹாங்கீர் கணக்கு வைத்திருந்தார். அவர் சுட்டும் வீழாத ஒரு நீலமான் களைத்து நின்றபோது, அங்கேயே அறுத்து ஹலாலாக்குமாறு ஆணையிட்டதைத் தம் நினைவேட்டில் எழுதியுள்ளார். ஏன் அறுக்க வேண்டும் என்பதற்கு விடை ஃபிக்ஹில் இருக்கிறது.

ஈயக் குண்டு எரித்தும் கனத்தாலும் வேகத்தாலும் காயப்படுத்துகிறது, அதற்குக் கூர்முனை இல்லை, ஆதலால் அதனால் இறந்தது ஹலாலன்று என்றார் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்). அக்பர் காலத்தவரான இப்னு நுஜைமின் (ரஹ்) ஃபத்வாவும் அதுவே. ஷாஃபிஈ மத்ஹபிலும் இத்தடையே வழங்கிவந்தது. மாலிகி அறிஞர் பலர் அனுமதித்தனர். யமன் நாட்டு இமாம் ஷவ்கானி (ரஹ்), துப்பாக்கி தம் நாட்டை எட்டியதே ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில்தான் என்பதால் முன்னோர் அதுபற்றிப் பேசவில்லை என்றார். குண்டு ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவருகிறது, ஆகவே ஹலால் என்று முடிவு செய்தார். இருதரப்பும் நபிமொழியின் அளவுகோலை ஏற்றன. குண்டு செய்யும் செயல் எது என்பதிலேயே வேறுபட்டன.

அவர்கள் கண்டது உருண்டை ஈயம். 1886-இல் பிரெஞ்சுப் படை புகையற்ற வெடிமருந்தை ஏற்றபின் குண்டின் உருவமே மாறியது. மெலிந்து நீண்டு, உறுதியான உலோக உறை பெற்றது, வேகம் கூடியது. ஆப்பிரிக்காவில் பெல் என்னும் வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் குண்டாலேயே வீழ்த்தினார். கனத்தைவிடக் குறியும் துளைப்பும் முதன்மை என்பதற்கு அவரையே சான்று காட்டினர். எனினும் யானையின் முன் அத்துணைக் குறியோடு நிற்போர் சிலரே. 1912-இல் வெளிவந்த .375 காலிபர், போதிய கனமும் ஆழ்ந்த துளைப்பும் ஒருங்கே கொண்டதால், எல்லாப் பெருவிலங்குக்குமான ஒரே துப்பாக்கி என்னும் பெயரைப் பெற்றது.

இப்னு ஆபிதீன் (ரஹ்) 'கூர்முனை இல்லை' எனக் காரணம் கூறியே தடுத்தார். கூர்முனைக் குண்டு வந்தபின் அக்காரணத்தை மீளாய்வது அவரை மீறுவதாகாது என ஹனஃபி அறிஞர் சிலரே பின்னாளில் கருதினர். நம் மாணவர்கள் பழைய தீர்ப்பை மனனம் செய்கின்றனர். அதன் காரணத்தையும் அக்காலப் பொருளின் வடிவையும் சேர்த்துப் படிப்பதில்லை. ஃபிக்ஹு தேங்கிவிட்டதாகப் பிறர் குறைகூற இதுவே இடமளிக்கிறது.

வேட்டைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்வோர்க்குப் பேணுதலான வழியும் உண்டு. குண்டடிபட்ட பிராணி போதிய உயிரோடு கிடைத்தால், இறைநாமம் கூறி உடனே அறுக்க வேண்டும். அப்போது அது ஹலால் என்பதில் இக்கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஜஹாங்கீரின் ஆணையும் அதுவே. வல்லாஹு அஃலம்.